மஞ்சளும் புளியும் சிந்தும் மேடைக்கு எந்தக் கான்கிரீட்?

கிரானைட் வேண்டாம், குவார்ட்ஸ் பலகையும் வேண்டாம், சமையல் மேடையைக் கான்கிரீட்டிலேயே வார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், அது சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்பதுதான். கான்கிரீட் என்ற ஒரே காரணத்தால் அது உகந்ததாகிவிடாது. மணல், ஜல்லி, தண்ணீர் மூன்றும் சேர்ந்து கொண்டுவரும் கார்பன் சுமை கொஞ்சம்தான். பெரும்பாரம் சிமெண்டில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரி வரை சுட்டு, அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் கட்டிகளாக ஆக்கும்போது, கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியே வந்துவிடுகிறது. ஒரு கிலோ கிளிங்கருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இந்த வழியில் மட்டுமே போகிறது. சூளைக்கு என்ன எரிபொருள் போட்டாலும் இந்தப் பங்கைத் தவிர்க்க முடியாது. சூளை நிலக்கரியையும் அரவைக்கான மின்சாரத்தையும் கூட்டினால், கலப்பில்லாத ஒரு கிலோ சிமெண்டுக்குச் சுமார் 0.9 கிலோ ஆகிறது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, மேடைக்குள் எத்தனை கிலோ கிளிங்கர் போகிறது என்பது. இரண்டாவது கேள்வி, அந்த மேடை எத்தனை வருஷம் நிற்கும் என்பது. டர்பன் பக்கம் நம் வீட்டுச் சமையலறையில் இரண்டாவது கேள்விக்குக் கனம் அதிகம். மஞ்சள், புளி, ஊறுகாய் வினிகர், மசாலா எண்ணெய் எல்லாம் தினமும் சிந்துகிற இடம் அது. கறைபிடித்து அரித்துப்போய், ஐந்து வருஷத்தில் உடைத்தெறிந்துவிட்டு வேறொன்று வார்த்தால், முதல் தடவை மிச்சம் பிடித்த கார்பன் முழுவதும் வீண். கலவையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு, மேல்பூச்சைக் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகவே யோசிக்க வேண்டும்.

மூட்டையைப் படிப்பது

தென்னாப்பிரிக்காவில் விற்கும் ஒவ்வொரு 50 கிலோ சிமெண்ட் மூட்டையிலும் அதன் வகை அச்சடிக்கப்பட்டிருக்கும். செம்-1 (மூட்டையில் CEM I) என்றால் குறைந்தது 95 சதவீதம் கிளிங்கர். செம்-2 ஏ என்றால் 80 முதல் 94 வரை. செம்-2 பி என்றால் 65 முதல் 79 வரை. செம்-3 ஏ என்றால் கிளிங்கர் 35 முதல் 64 வரைதான். மிச்சமெல்லாம் இரும்பாலைக் கசடு, அதாவது ஸ்லாக். கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்து எது கலந்திருக்கிறது என்று சொல்லும்: எஸ் என்றால் ஸ்லாக், வி என்றால் நிலக்கரிச் சாம்பல் (ஃப்ளை ஆஷ் என்று கேட்டால்தான் கடையில் தெரியும்), எல் என்றால் அரைத்த சுண்ணாம்புக்கல், எம் என்றால் பலதும் கலந்தது. அதன் பிறகு வலிமை வகுப்பு: 32.5, 42.5, 52.5. மேடைக்கு 42.5க்குக் குறையக் கூடாது. எம்.சி. 12.5 என்று போட்ட மூட்டை செங்கல் கட்டவும் பூசவும் மட்டும். விலை மலிவு என்று அதை வாங்கி மேடை வார்த்தால் மேல்பரப்பு மாவாக உதிரும். மூட்டையில் அரசின் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.ஆர்.சி.எஸ். தரும் எல்.ஓ.ஏ. என்ற அனுமதி எண் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

சாதாரண ஹார்ட்வேர் கடையில் வாங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது செம்-3 ஏ 42.5, அது கிடைக்காவிட்டால் செம்-2 பி 42.5. அதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இங்கேதான் ஆர்வக்கோளாறு நடக்கிறது. மூட்டையிலேயே மூன்றில் ஒரு பங்கு சாம்பல் இருப்பதைக் கவனிக்காமல், இன்னும் பாதி சாம்பல் கலந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கிளிங்கர் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்து, மூன்று நாள் கழித்தும் நகத்தால் கீறினால் தடம் விழும். தனியாக ஸ்லாக் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அடிப்படைச் சிமெண்ட் செம்-1 ஆக இருக்கட்டும். அப்போதுதான் கணக்கு உங்கள் கையில் நிற்கும்.

ஸ்லாக்கா, சாம்பலா? மேடைக்கு ஸ்லாக் என்பதே என் முடிவு. சாம்பலில் எரியாத கரி கொஞ்சம் மிச்சமிருக்கும். அது கான்கிரீட்டை இருண்ட சாம்பல் நிறமாக்கும், மூட்டைக்கு மூட்டை நிறமும் மாறும். ஸ்லாக் நேர்மாறு. பாதிக்குப் பாதி போட்டால் நிறம் வெளுத்து, ஏறக்குறைய தந்த வெள்ளை வரைக்கும் வரும். இதில் மறைமுக லாபம் ஒன்று உண்டு. வெளிர் நிற மேடை வேண்டும் என்பவர்கள் வெள்ளைச் சிமெண்ட் வாங்குவார்கள். அது கூடுதல் வெப்பத்தில் சுடப்படுவது, நமக்குக் கப்பலில் வருவது, விலையும் சில மடங்கு. ஸ்லாக் பாதி இருந்தால் அது தேவையே இல்லை.

ஸ்லாக் வேண்டர்பைல்பார்க் பக்கத்திலிருந்து டர்பனுக்கு 600 கி.மீ. லாரியில் வர வேண்டுமே என்ற சந்தேகம் நியாயமானது. ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டுவரச் சுமார் 0.1 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், 600 கி.மீ.க்கு டன்னுக்கு 60 கிலோ. அதே ஒரு டன் செம்-1 சூளையிலேயே 900 கிலோவை விட்டுவிட்டுத்தான் வருகிறது. தூரம் இங்கே பெரிய விஷயமில்லை. ஜல்லிக்கும் மணலுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. அவற்றின் சுமையில் பெரும்பங்கு லாரிதான். அவற்றைப் பக்கத்து குவாரியில் வாங்க வேண்டும்.

சாம்பலே கிடைக்கிறது என்றால் 25 முதல் 30 சதவீதத்தோடு நிறுத்துங்கள். எஸ்.ஏ.என்.எஸ். 50450 என்ற தென்னாப்பிரிக்கத் தரச் சான்றுள்ள உலர் சாம்பலாக இருக்க வேண்டும். மின் நிலையத்துக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருக்கும் ஈரச் சாம்பல் வேறு சரக்கு. அதன் நுண்மையும் கரி அளவும் கட்டுப்பாட்டில் இல்லாதவை. குவாசுலு-நட்டாலில் கரும்பு ஆலைகள் இருப்பதால் சக்கைச் சாம்பலைப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முறையாக எரித்து நுண்மையாக அரைத்த சக்கைச் சாம்பல் நல்ல சரக்குதான். பாய்லரிலிருந்து அப்படியே அள்ளியதில் கரியும் வயல் மணலும் சேர்ந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சிக் கலவையைக் கெடுக்கும். வீட்டு மேடையில் அந்தச் சோதனை வேண்டாம்.

ஒரு மேடையின் கணக்கு

2.4 மீட்டர் நீளம், 600 மி.மீ. அகலம், 40 மி.மீ. கனம் உள்ள மேடைக்குக் கன அளவு 58 லிட்டர். சிந்துவதற்கும் மாதிரித் துண்டுகளுக்கும் பத்து சதவீதம் கூட்டினால் 63 லிட்டர். அதற்குத் தேவை: செம்-1 52.5 சிமெண்ட் 12.5 கிலோ, ஸ்லாக் 12.5 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், உலர்ந்த மணல் 53 கிலோ, 9.5 மி.மீ. ஜல்லி 62 கிலோ, பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர்பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் சரக்கு) 200 முதல் 250 கிராம். மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். 5 சதவீத ஈரம் என்றாலே 53 கிலோவில் இரண்டரை லிட்டருக்கு மேல் ஒளிந்திருக்கிறது. ஒரு கிலோ மணலை எடைபோட்டு, வாணலியில் வறுத்து, மறுபடி எடைபோட்டால் ஈரம் தெரிந்துவிடும்.

இந்த 25 கிலோவும் முழுக்கச் செம்-1 ஆக இருந்தால் சுமார் 22 கிலோ கரியமில வாயு. பாதி ஸ்லாக் என்றால், அதன் அரவைக்கும் லாரிக்கும் கிலோவுக்கு 0.15 வரை வைத்தாலும், சுமார் 13 கிலோவில் முடிந்துவிடும். இந்த ஒரே முடிவில் கிடைப்பதற்குச் சமமான சேமிப்பு வேறு எந்தப் பொருளை மாற்றினாலும் கிடைக்காது.

கலவை இறுகலாக இருக்கிறதே என்று ஒரு குவளை தண்ணீர் சேர்ப்பதுதான் மேடைகளைக் கொல்கிறது. 10 லிட்டர் 12.5 ஆனால் நீர்-சிமெண்ட் விகிதம் (ஸ்லாக்கையும் சிமெண்டோடு சேர்த்து) 0.40லிருந்து 0.50க்குப் போகும், வலிமை ஏறக்குறைய கால் பங்கு இறங்கும், உலரும்போது சுருக்கம் கூடும், நுண்துளைகள் பெருகி மஞ்சள் உள்ளே இறங்க வழி திறக்கும். இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசரை 20 கிராம், 20 கிராமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கலக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். அது வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் திடீரென்று ஜல்லி அடியிலும் சிமெண்ட் பால் மேலேயுமாகப் பிரிந்துவிடும்.

நிறமி வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடு. 25 கிலோ சிமெண்ட்-ஸ்லாக் கலவைக்கு 500 முதல் 750 கிராம் போதும். 5 சதவீதத்துக்கு மேல் போட்டாலும் நிறம் அவ்வளவாக ஏறாது, தண்ணீர் மட்டும் அதிகம் கேட்கும்.

கண்ணாடி நார் கலந்து 20 மி.மீ. கனத்தில் வார்க்கும் முறையை, பாதிக் கனம் என்பதால் பாதிச் சுமை என்று விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கலவையில் சிமெண்டும் மணலும் சரிக்குச் சரி. ஒரு கனமீட்டருக்குச் சிமெண்ட் மட்டும் சுமார் 900 கிலோ. 20 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 18 கிலோ. நம்முடைய 40 மி.மீ. ஜல்லிக் கலவையில் கனமீட்டருக்கு 400 கிலோதான். ஒரு சதுர மீட்டருக்கு 16 கிலோ. கனம் பாதியானாலும் சிமெண்ட் குறையவில்லை. அதோடு அக்ரிலிக் பாலிமரும், காரத்தைத் தாங்கச் சிர்கோனியா சேர்த்த கண்ணாடி நாரும் கூடுதல். எடை பாதிக்கும் கீழே இறங்குவது உண்மை. சதுர மீட்டருக்குச் சுமார் 95 கிலோ 42 கிலோவாகும். மாடி வீட்டுக்கும், 16 மி.மீ. சிப்போர்டு அலமாரிக்கும் அது பெரிய உதவி. அந்த முறையைத் தேர்ந்தால் அதன் சிமெண்டிலும் 30, 40 சதவீதம் ஸ்லாக் போட்டுக்கொள்ளுங்கள்.

40 மி.மீ. பலகைக்கு 4 மி.மீ. கம்பியில் பற்றவைத்த வலை ஒரு அடுக்கு போதும். பலகையைக் கவிழ்த்து வார்ப்பதால், அச்சின் அடிப்பக்கம்தான் பிறகு மேல்முகமாகும். வலை அந்த முகத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி நிற்கட்டும். 20க்குள் வந்தால் வலையின் கட்டங்கள் நிழல்போல மேல்முகத்தில் தெரியும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது. தொட்டி வெட்டின் நான்கு மூலைகளிலும் குறுக்காக 300 மி.மீ. நீளத்தில் 6 மி.மீ. கம்பி ஒவ்வொன்று வையுங்கள், மூலையைக் கூர்மையாக விடாமல் வளைத்துவிடுங்கள். மேடையில் முதல் விரிசல் விழுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

மணல், கண்ணாடி, அச்சு

அம்கேனி போன்ற ஆறுகளின் மணல் டர்பன் கட்டுமானத்துக்கு வெகுகாலமாக வருவது. அணைகள் தடுத்தது போக மிஞ்சும் மணலையும் அள்ளிவிட்டால், கடற்கரைக்கு ஆறு கொண்டுவந்து போடும் மணல் குறைந்து கரை அரிக்கிறது. உரிமம் இல்லாமல் அள்ளும் மணல் லாரிகளும் இதே ஊரில் ஓடுகின்றன. அதனால் குவாரியில் கழுவிச் சலித்த அரைமணலை முதலில் தேடுங்கள். டர்பனைச் சுற்றி உடைக்கும் டில்லைட் கல்லிலிருந்து அது கிடைக்கும். துகள் கூர்மையாக இருப்பதால் கலவை சற்று முரடாக வரும். மூன்றில் இரண்டு பங்கு அரைமணலும் ஒரு பங்கு உரிமமுள்ள ஆற்று மணலும் போட்டால் அது சரியாகும். டர்பனின் பெரியா (Berea) மேட்டுச் சிவப்பு மணல் பார்க்க அழகு, உள்ளே களிமண், தொடாதீர்கள். கடற்கரை மணலில் உப்பு, வலைக் கம்பி துருப்பிடிக்கும், எடுப்பதும் சட்டவிரோதம். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிச் சாடியில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் விடுங்கள். மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேறு படிந்தால் அந்த மணல் மேடைக்கு ஆகாது.

உடைந்த பாட்டில் கண்ணாடியை ஜல்லிக்குப் பதில் போட்டு, தேய்த்துப் பளபளப்பாக்குவது அழகான மறுபயன்பாடு. ஆபத்தும் உண்டு. கண்ணாடியின் சிலிக்காவும் சிமெண்டின் காரமும் ஈரத்தில் வினைபுரிந்து, தண்ணீர் குடித்து வீங்கும் கூழாகும். ஓரிரு வருஷத்தில் கண்ணாடியைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிப்புகளும் வலைபோல விரிசலும் வரும். கேப் பகுதியில் மால்ம்ஸ்பரி வகைக் கல் போட்ட கான்கிரீட்டில் இதே வினைதான் பெருந்தொல்லை கொடுத்தது. பாதி ஸ்லாக் இருந்தால் இந்த வினை பெரிதும் அடங்கும். சாம்பல் என்றால் குறைந்தது 25 சதவீதம் வேண்டும். வெறும் செம்-1இல் கண்ணாடி போடவே கூடாது. பாட்டிலின் லேபிள் பசையையும் சர்க்கரையையும் சுத்தமாகக் கழுவுங்கள். சர்க்கரை சிமெண்டை இறுகவிடாது.

அச்சுக்குப் புது மெலமைன் பலகை வாங்குவதற்கு முன், உடைத்துப் போடப்பட்ட பழைய அலமாரிக் கதவுகளைப் பாருங்கள். மெலமைன் முகம் கீறாமல் இருந்தால் போதும். அதற்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். ஷட்டர்ப்ளை (அச்சு வேலைக்கான ஒட்டுப்பலகை) ஆக இருந்தால் சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டு, ஈரப்பளபளப்பு மட்டும் தெரியுமாறு துடையுங்கள். தேங்கினால் அந்த இடம் இறுகாமல் மாவாகும், நிறமும் திட்டுத்திட்டாக வரும். கட்டட வேலையிடங்களில் டீசலும் பழைய எஞ்சின் எண்ணெயும் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாடு வைக்கும் பரப்பில் அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். தொட்டிக்கான அடைப்பைத் தெர்மோகோலில் வெட்டினால் அந்த உருண்டைகள் காற்றில் பறந்து மழைநீர்க் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும். ஷட்டர்ப்ளையில் சற்றுச் சரிவாகச் செய்து, பேக்கிங் டேப் சுற்றினால் மறுபடி மறுபடி பயன்படும்.

நிறைத்தபின் அச்சின் அடியில் சாண்டர் மெஷினை வைத்து அதிரவிட்டால் குமிழ்கள் மேலேறும். குமிழ் வருவது நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

பொறுமை கேட்கும் நாட்கள்

ஸ்லாக் கலவை மெதுவாக வலுப்பெறும். செம்-1 மேடையை மறுநாளே அச்சிலிருந்து எடுப்பார்கள். இதை டர்பன் கோடையில் மூன்று, நான்கு நாள் விடுங்கள். ஜொகன்னஸ்பர்க், லெனேஷியா பக்கம் குளிர்காலத்தில் வார்த்தால் ஆறு நாள்கூட ஆகலாம். இரவில் 10 டிகிரிக்குக் கீழே போனால் வினை ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால், வீட்டுக்குள் வார்த்து, கம்பளி போர்த்துங்கள். எடுத்த பிறகும் பத்து, பதினான்கு நாள் ஈரம் காயக் கூடாது. பழைய பருத்திப் புடவையோ விரிப்போ நனைத்துப் பரப்பி அதன்மேல் பிளாஸ்டிக் மூடுவது நல்லது. பிளாஸ்டிக்கை நேராகப் போர்த்தினால் அதன் சுருக்கங்கள் வெளிர்க் கோடுகளாக நின்றுவிடும். தண்ணீர் கட்டுவதில் சோம்பல் காட்டினால் ஸ்லாக் போட்டதன் பலன் முழுதும் போய்விடும்: உள்ளே வினைபுரியாத தூள் மிஞ்சும், மேல்பரப்பு உறிஞ்சும்.

அச்சைத் திறந்ததும் மேடை நீலப் பச்சையாக இருந்தால் பயப்படாதீர்கள். ஸ்லாக்கில் இருக்கும் கந்தகச் சேர்மங்களின் நிறம் அது. காற்றுப் பட்டதும் சில நாட்களில், சில சமயம் சில வாரங்களில், வெளுத்துவிடும். அவசரப்பட்டு அதன்மேல் சீலர், அதாவது துளைகளை அடைக்கும் மேல்பூச்சு, அடித்தால்தான் வம்பு. காற்று போகாமல் அந்தப் பச்சை உள்ளேயே தங்கிவிடும்.

தேய்ப்பதைத் தண்ணீர் விட்டே செய்ய வேண்டும். உலரத் தேய்த்தால் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும்; 90 சதவீதத்துக்கு மேல்கூடச் சிலிக்கா இருக்கக்கூடிய செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் தடைசெய்ததே இந்த நோய்க்காகத்தான். கான்கிரீட்டில் மணல் சார்ந்த சிலிக்கா அதைவிடக் குறைவு என்றாலும் தூசு தூசுதான், ஈரத்தோடு எஃப்.எஃப்.பி.2 முகமூடியும் வேண்டும். வைரத்தூள் பதித்த தேய்ப்பு பேட் 50, 100, 200 என்று ஏறி, எண்ணெய்ப் பூச்சு என்றால் 400 வரை போகலாம். படலம் போடும் சீலர் என்றால் 200இல் நிறுத்துங்கள், அதற்குமேல் வழுவழுப்பாக்கினால் படலம் பிடிக்காது. வரும் சேற்றுத் தண்ணீரின் பி.எச். 12ஐத் தாண்டும். அதைக் கால்வாயில் விடாதீர்கள். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரை அடுத்த முறை தேய்க்கப் பயன்படுத்தலாம். அடிவண்டல் இறுகியதும் உடைத்து நிரப்புக்குப் போடலாம்.

மஞ்சள் சிவப்பது ஏன், எதைப் பூசுவது

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் செக்கச்செவேல் என்று ஆகிறதே, அதேதான் பூச்சில்லாத கான்கிரீட்டில் மஞ்சள் சிந்தும்போதும் நடக்கிறது. கான்கிரீட்டின் காரத்தில் மஞ்சளின் குர்குமின் செங்கபில நிறமாகிவிடும். அது எண்ணெயில் கரைவது. குழம்பு எண்ணெயோடு துளைக்குள் இறங்கினால் சோப்பால் மேலே மட்டும்தான் போகும். புளியும் எலுமிச்சையும் வினிகரும் வேறு வகை எதிரிகள். அவை கறை வைப்பதில்லை, சிமெண்டையே கரைக்கின்றன. மெருகு போய் வெளிர்த் திட்டு விழும். ஸ்லாக் கலவை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அமிலத்துக்குத் தப்பாது.

இதை மனதில் வைத்துப் பூச்சுகளைப் பாருங்கள். லித்தியம், சோடியம் சிலிகேட் திரவங்களைப் பசுமைச் சீலர் என்று விற்கிறார்கள். ஆவியாகும் கரைப்பான் அவற்றில் இல்லை என்பது உண்மை. ஆனால் அவை கான்கிரீட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து பரப்பைக் கடினமாக்கும் சரக்கு. ஸ்லாக் அந்தச் சுண்ணாம்பை ஏற்கெனவே செலவழித்துவிட்டதால் நம் மேடையில் பலன் இன்னும் குறையும். புளிக்கும் மஞ்சளுக்கும் அது தடையே இல்லை. சிலேன் வகைகள் தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. எண்ணெயும் ஒட்டாது என்று வரும் சில திரவங்களில் ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருக்கும். மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடும் அந்த வகையைச் சாப்பாட்டு மேடையில் நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். வாங்குமுன் பாதுகாப்புத் தாளைக் கேட்டு, ஃப்ளோரோ என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அக்ரிலிக் சூட்டில் இளகும், கீறும். எபாக்சி வெயில்படும் ஜன்னலோரத்தில் மஞ்சளிக்கும்.

மிஞ்சுபவை இரண்டு. ஒன்று, ஆளிவிதை எண்ணெய் அல்லது கலப்படமில்லாத டங் எண்ணெய், மேலே மெழுகு. தாவரச் சரக்கு, கையால் தடவலாம், தேய்ந்த இடத்தை மட்டும் திருத்தலாம். வார்த்து 28 நாள் ஆன பிறகே பூச வேண்டும். பச்சைக் கான்கிரீட்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். முதல் கைக்கு எண்ணெயும் ஆரஞ்சுத் தோல் கரைப்பானும் சமமாகக் கலந்து பூசி, 20 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துளியும் விடாமல் துடையுங்கள். ஒரு நாள் இடைவெளியில் நான்கு கை. ஒவ்வொரு முறையும் கரைப்பானைக் குறையுங்கள். நம் 1.44 சதுர மீட்டர் மேடைக்கு மொத்தம் அரை லிட்டர் எண்ணெய் போதும். கொதித்த ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதில் சீக்கிரம் காய கோபால்ட், மாங்கனீசு உப்புகள் சேர்த்திருப்பார்கள். பச்சை எண்ணெய் வாங்கி, காய இரண்டு, மூன்று வாரம் பொறுப்பது மேல். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். மெழுகுக்குத் தேன்மெழுகு மூன்று பங்கு, கார்னோபா என்ற பனை மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் பிரிமனை இல்லாமல் சூடான சட்டியை வைக்கக் கூடாது. இந்தப் பூச்சில் மஞ்சளைப் பதினைந்து நிமிடத்துக்குள் துடைத்தால் தப்பிக்கலாம். இரவு முழுக்க விட்டால் கறைதான். புளி எவ்வளவு சீக்கிரம் துடைத்தாலும் சற்றே தடம் வைக்கும்.

இரண்டாவது, தண்ணீர் சார்ந்த இரு-கூறு பாலியூரிதேன். பிளாஸ்டிக் படலம்தான், மறைக்க ஒன்றுமில்லை. 1.44 சதுர மீட்டருக்கு மூன்று கையும் சேர்த்து அரை லிட்டருக்குள் முடிகிறது. அந்தச் சிறு அளவு, மேடையின் ஆயுளைப் பல வருஷம் நீட்டுமானால் அதை ஏற்பதே சரி என்று நினைக்கிறேன். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட பகுதிக்கு, குறிப்பாகத் தினம் மீன் குழம்பும் ஊறுகாயும் புழங்கும் வீட்டுக்கு, இதைத்தான் சொல்வேன். கடினமாக்கும் கூறில் ஐசோசயனேட் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து, நைட்ரைல் கையுறை போட்டுக் கலக்குங்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள், 4 மி.மீ. ரோலரால் மெல்லிசாக உருட்டுங்கள். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் படலம் பால்போல மங்கும். காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் டப்பாவைத் திறக்க வேண்டாம். முழுக்க இறுக ஏழு நாள். பூசுவதற்கு முந்தின நாள் ஒரு பிளாஸ்டிக் சதுரத்தை நாலாபுறமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் மேடை இன்னும் காயவில்லை, படலம் உரிந்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும் மேடையோடு சேர்த்து, அதே கலவையில் 300 மி.மீ. சதுரத் துண்டு இரண்டு வார்த்துவிடுங்கள். அவற்றில் முதலில் பூசி, சூடான எண்ணெயில் குழைத்த மஞ்சள், புளிக்கரைசல், எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் வினிகர், விளக்கெண்ணெய், குங்குமம் என்று வரிசையாக ஒவ்வொரு கரண்டி வையுங்கள். 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று தடவை துடைத்துப் பாருங்கள். காமாட்சி விளக்கைச் சமையல் மேடையிலேயே ஏற்றும் வீடுகள் உண்டு. அங்கே கசியும் எண்ணெயும் கற்பூரச் சூடும் எந்தப் பூச்சையும் பதம்பார்க்கும், அடியில் ஒரு பித்தளைத் தட்டு கட்டாயம்.

மஞ்சள் கறை விழுந்தேவிட்டால் ஜிக் போன்ற ப்ளீச்சை ஊற்றாதீர்கள். அதன் காரத்தில் கறை முதலில் இன்னும் சிவக்கும், எண்ணெய்ப் பூச்சும் போகும். மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பேக்கிங் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக்கால் மூடி, மறுநாள் காலை வழித்தெடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதையும் என்பதால், மிச்சக் கறை ஜன்னல் வெயில் படும் இடத்தில் சில நாளில் தானே மங்கும். பிறகு அந்த இடத்துக்கு மட்டும் 400 பேடால் லேசாகத் தேய்த்து, எண்ணெயும் மெழுகும் போடலாம். பாலியூரிதேன் படலத்தில் இப்படித் துண்டாகத் திருத்தினால் ஓரம் தெரியும். அதை முழுப் பலகைக்கும் 320 தாளால் சொரசொரப்பாக்கி ஒரு கை மேலே உருட்டுவதுதான் வழி. எண்ணெய் மேடைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் துளி வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் துளிக்குக் கீழே கான்கிரீட் இருண்டால் ஒரு கை எண்ணெய் பூசும் நேரம் வந்துவிட்டது.